திரையில் நீலம், தாளில் கத்தரிப்பூ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அழைப்பிதழும் நோட்டீசும் வடிவமைப்பது என் பிழைப்பு. தொழிலுக்கு வந்த புதிதில், சில்வர் பீச் படம் போட்டு நான் செய்த நோட்டீஸ் 2,000 படி அச்சாகி வந்தது. கடல் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்! அச்சகத்துக்குச் சண்டை போடப் போனேன். தவறு என் கோப்பில் இருந்தது. பணம் என் பையிலிருந்து போயிற்று.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. ஒவ்வொன்றின் அளவையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள்; மூன்றும் 255 என்றால் வெள்ளை. அச்சு மையோ தாளில் விழும் ஒளியை விழுங்குகிறது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு என மைகள் நான்கு. அதனால் திரை எண்களைத் தலைகீழாக்கி மை எண்களாக்க வேண்டும்.

கணக்கு இதுதான். மூன்று எண்களில் பெரியதை 255-ஆல் வகுத்து 1-இலிருந்து கழித்தால் கருப்பு மை. அதே பெரிய எண்ணிலிருந்து சிவப்பைக் கழித்து, பெரிய எண்ணாலேயே வகுத்தால் சயான். இப்படியே பச்சையைக் கழித்தால் மெஜந்தா, நீலத்தைக் கழித்தால் மஞ்சள். விடைகளை 100-ஆல் பெருக்கிச் சதவீதமாக்குங்கள். புதுச்சேரி பிரெஞ்சு வீதிச் சுவர்களின் மஞ்சளை நான் 255, 190, 0 என்று வைத்திருக்கிறேன். கருப்பு 0, சயான் 0, மெஜந்தா 25, மஞ்சள் 100 என்று வரும். குங்குமச் சிவப்பு 200, 30, 40 என்றால் மெஜந்தா 85, மஞ்சள் 80, கருப்பு 22. அந்தக் கருப்பு எனக்குப் பிடிக்காது, சிவப்பை அழுக்காக்கும். அதை எடுத்துவிட்டு மெஜந்தாவை ஏற்றி, சயானை ஒரு சிட்டிகை சேர்ப்பேன்.

ஆனால் இந்தக் கணக்குக்கு மையின் குணம் தெரியாது. சுத்த நீலமான 0, 0, 255-க்கு அது சயான் 100, மெஜந்தா 100 என்று சொல்லும். தாளில் அது ஊதா. என் கடல் கெட்டது இப்படித்தான். நீலம் நீலமாக வர, சயானைவிட மெஜந்தா 30 புள்ளியாவது குறைந்திருக்கட்டும். திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சை நான்கு மைகளில் வரவே வராது. அதை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

புகைப்படங்களுக்குக் கைக்கணக்கு வேண்டாம். அச்சகத்தில் எந்த வண்ண புரொஃபைல் (அந்த மையும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) என்று கேட்டு, போட்டோஷாப்பில் அதற்கு மாற்றுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கும் பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கும் ஒரே புரொஃபைல் ஒத்துவராது; மேப்லித்தோ மையை உறிஞ்சி நிறத்தை மங்கவைக்கும்.

எழுத்துக்குக் கருப்பு மை 100 மட்டும், மற்ற மூன்றும் 0. போட்டோஷாப்பின் பழைய இயல்பு அமைப்பு, திரைக் கருப்பை சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று மாற்றும். கூட்டினால் 300 சதவீதம் மை. ஒவ்வொரு மைக்கும் தனியாக உள்ள அச்சுத் தகடான பிளேட் ஒரு முடி விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் சாயம் எட்டிப் பார்க்கும்.

அடிக்கடி பயன்படும் நாற்பது நிறங்களை, மை எண்களோடு இருவகைத் தாளிலும் அச்சடித்து வைத்திருக்கிறேன். கைப்பேசியை நீட்டி “இந்தக் கலர்தான் வேண்டும்” என்பவரிடம் நான் அந்த அட்டையை நீட்டுகிறேன். நீங்களும் ஒன்று செய்துகொள்ளுங்கள், சன்னலோரம் மட்டும் மாட்டாதீர்கள். என் முதல் அட்டையில் வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் வெளுத்துவிட்டது.