கூடாரம் எந்த உயரத்தில்? லே பைக் பயணத்தில் கொழும்புக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பைக் ஓடும் பிள்ளைகள் பலர் இப்போது டெல்லிக்குப் பறந்து, மணாலியில் ஒரு என்ஃபீல்டை வாடகைக்கு எடுத்து, வழியெல்லாம் கூடாரம் அடித்து இமயமலையின் லடாக்கில் இருக்கும் லே வரை போய்வரத் திட்டம் போடுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் கதைத்துப் பார்த்தால் எந்த பைக், எந்த மாதம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதிலேயே பேச்சு நிற்கும். இரவு எங்கே, எதன் மேல் படுப்பது என்று கேட்டால், "அதை அங்கே போய்ப் பார்ப்போம்" என்பார்கள். பைக் ஓடப் பழகியவருக்குப் பகல் எப்படியோ போய்விடும். கடல் மட்டத்தில், போர்வைகூடத் தேவைப்படாத ஊரில் வளர்ந்த நமக்குத் தெரியாதது அந்த மலையின் இரவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கூடாரம் போடும் இடத்தைக் கிலோமீட்டர் பார்த்து முடிவு செய்வது. மணாலிக்கும் லேக்கும் நடுவழியில் சார்ச்சு என்றொரு சமவெளி இருக்கிறது. தட்டையான நிலம், கிட்டத்தட்ட பாதித் தூரம். வரைபடத்தைப் பார்க்கும் எவரும் முதல் இரவுக்கு அதைத்தான் குறித்துக்கொள்வார்கள். உயரத்தைப் பாருங்கள்: மணாலி சுமார் 2,050 மீட்டர், சார்ச்சு சுமார் 4,290. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவே 2,524 மீட்டர்தான். 2020 ஒக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு வழி 46 கிலோமீட்டர் குறைந்த பிறகு இந்தத் தவறு இன்னும் சுலபமாகிவிட்டது. காலையில் மணாலியில் தேத்தண்ணி குடித்தவர் பின்னேரம் சார்ச்சுவில் நிற்கலாம். பைக் அந்த உயரத்துக்கு ஏறிவிடும்; உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. இங்கே முக்கியம் படுக்கும் உயரம். பகலில் ஒரு கணவாயை ஏறி இறங்குவது வேறு, அந்த உயரத்திலேயே தூங்குவது வேறு. தூக்கத்தில் மூச்சு மெதுவாகி, இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் குறையும். தலையிடி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்கும். சோர்வுதான் என்று நினைத்து இன்னொரு இரவு அங்கேயே கிடப்பது ஆபத்து. நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே கீழே இறக்க வேண்டும். அவரை பைக் ஓடவும் விடக்கூடாது, ஒரு வாகனம் பிடித்து ஏற்றிவிடுங்கள். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க எடுக்கும் டயமொக்ஸ் மாத்திரை பற்றி, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் சொல்லி, கொழும்பிலேயே வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குளிருக்கு இதமாக ஒரு 'ஷொட்' என்று போத்தல் திறக்கும் நண்பர் இருந்தால் அந்த உயரத்தில் அவரை நிறுத்துங்கள். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

அப்போ என்ன வழி? எனக்குச் சரியாகப் படுவது, ஸ்ரீநகர் பக்கத்திலிருந்து ஏறி மணாலி பக்கமாக இறங்குவது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், சோனமார்க் 2,700க்குச் சற்று மேல், கார்கில் 2,700க்குச் சற்றுக் கீழ், பிறகு லே 3,500. வழியில் மிக உயர்ந்த ஃபோட்டு லா கணவாய் 4,108 மீட்டர். அதைப் பகலில் கடந்து போய்விடுவீர்கள். லேயில் இரண்டு முழு நாள் ஆறுதலாக இருந்துவிட்டுத் திரும்பும்போது, உடம்பு உயரத்துக்குப் பழகியிருப்பதால் சார்ச்சுவில் அதே கூடாரம் வேறு இரவாக இருக்கும். காஷ்மீர்ப் பக்கத்துப் பாதுகாப்பு நிலவரத்தைக் கிளம்பும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். அது சரியில்லை என்றால் மணாலியிலிருந்தே ஏறலாம். 3,200 மீட்டரளவில் இருக்கும் ஜிஸ்பாவில் ஒன்றுக்கு இரண்டு இரவு தங்கி, அதன்பிறகு மேலே போங்கள். லீவு ஒரு நாள் கூடச் செலவாகும். செலவாகட்டும்.

அடுத்தது குளிர். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் கூடாரம் நம் நாட்டுக்குப் பொருந்தும்: மேலே வலை, காற்று வர இடம், ஒற்றைத் துணி. லடாக்கில் செப்டம்பர் இரவு பூச்சியத்துக்குக் கீழே போகும்போது உங்கள் மூச்சின் ஈரமே அந்த ஒற்றைத் துணியில் பனியாகப் படிந்து, விடியற்காலை வெயில் பட்டதும் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். இரண்டு அடுக்குக் கூடாரம் வேண்டும். வெளி அடுக்கு நிலம்வரை இறங்க வேண்டும். குளிருகிறதே என்று காற்று வாசலை முழுக்க மூடினால் உள்ளே இன்னும் நனையும்.

தூங்கும் பையில் எல்லாரும் காசு போடுகிறார்கள், கீழே விரிக்கும் பாயில் போடுவதில்லை. படுத்ததும் உடம்பின் பாரத்தில் பையின் பஞ்சு நசுங்கிவிடும். அதன்பிறகு உங்களுக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சாதாரணக் காற்று மெத்தையும் உதவாது, உள்ளே இருக்கும் காற்று சுழன்று சூட்டைத் தரைக்கே கொண்டுபோகும். பாயின் மேல் 'ஆர் வேல்யூ' என்றொரு எண் இருக்கும்; சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. உறையும் குளிருக்கு அது 4 அல்லது மேலே இருக்கட்டும். பையின் சிட்டையில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். கடைக்காரர் காட்டுவது ஆகக் குறைந்ததை. நீங்கள் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். வெப்ப நாட்டு உடம்பு என்பதால், எதிர்பார்க்கும் குளிரைவிட இன்னும் சில பாகை கூடிய குளிரைத் தாங்கும் பையாக எடுப்பதே புத்தி.

இதையெல்லாம் முதன்முதலாக லடாக்கில் விரித்துப் பார்க்க வேண்டாம். ஜனவரியில் நுவரெலியா, அம்பேவல பக்கம் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும். அங்கே அனுமதியுள்ள இடத்தில் ஓர் இரவு படுத்தால், எந்தச் சாமான் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் நாங்கள் செய்யும் தவறு சோறு. வெள்ளவத்தைக் கடையில் ஒரு கிலோ சம்பாவும் கொஞ்சம் மைசூர்ப் பருப்பும் கட்டிக்கொண்டு போவார்கள். சார்ச்சு உயரத்தில் தண்ணீர் 86 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், மூடி ஆடும், அரிசியை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருக்கும். இன்னும் எரிக்க எரிக்க காஸ்தான் தீரும். பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சோறு சரிவராது. நூடுல்ஸ், அவல், சத்துமா, ஓட்ஸ், கட்டைச் சம்பல் ஒரு போத்தல், இவை போதும். வழியில் திறந்திருக்கும் தாபாக்களில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்குத் தேத்தண்ணி மட்டும் போடுவது இன்னும் நல்லது.

அடுப்புக்கான காஸ் தகரத்தைக் கட்டுநாயக்கவில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். டெல்லியிலோ மணாலியிலோதான் வாங்க வேண்டும். அடுப்பின் வாயும் அங்கே கிடைக்கும் தகரமும் பொருந்துமா என்று முதலே விசாரியுங்கள். திருகும் வகை, அழுத்திப் பூட்டும் வகை, துளைக்கும் வகை ஒன்றோடொன்று சேராது. வெறும் பியூட்டேன் நிரப்பிய தகரம் பூச்சியத்தை நெருங்கும்போது ஆவியாகாமல் சோர்ந்துவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். தகரத்தை இரவில் தூங்கும் பைக்குள் வைத்திருந்தால் காலையில் சுலபமாகப் பற்றும். காற்று அடிக்கிறது என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

இடம் தேடுவதைப் பின்னேரம் நான்கு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மலை மறைப்பதால் சூரியன் சீக்கிரம் போகும், போனதும் காற்றோடு குளிர் இறங்கும். ஓடைக்கரை அழகாக இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் பகல் வெயிலில் உருகும் பனி. காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் முழங்காலுக்கு மேல் வரும். உலர்ந்த கூழாங்கல் படுகை என்றால் அது தண்ணீர் வந்து போன பாதை என்று விளங்கிக்கொள்ளுங்கள். சற்று மேடாக ஓர் இடம் போதும். பாதையில் குறுக்கிடும் நாலாக்கள் எனும் ஓடைகளையும் இதே காரணத்துக்காகக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

பைக்கைக் கூடாரக் கயிற்றுக்குத் தூணாக்க வேண்டாம். ஏறக்குறைய 200 கிலோ இயந்திரம் இரவில் சாய்ந்தால் கூடாரத்தின் மேல்தான் விழும். பக்கத்து ஸ்டாண்டுக்குக் கீழே தட்டையான கல் ஒன்றைக் கொடுத்து, முதல் கியரில், கூடாரத்தை விட்டு எதிர்ப்பக்கம் சாயும்படி நிறுத்துங்கள். உபரிப் பெற்றோலை உலோகக் கானில் கொண்டுபோய் இரவில் தள்ளி வையுங்கள். மணாலி-லே வழியில் தண்டி என்ற இடத்துப் பெற்றோல் செட்டில் அடுத்தது 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பலரும் படம் எடுப்பது. பெற்றோல் தாங்கியை நிரப்பாமல் அதைக் கடக்காதீர்கள். சாமான் கட்டும்போது பாரமானது கீழேயும் ஆசனத்துக்குக் கிட்டவும், பாரமில்லாதது பின்னால்.

கடைசியாகக் கடதாசி வேலை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போடும் லடாக் வீடியோக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவர்கள் இந்தியர்கள், நீங்கள் அங்கே வெளிநாட்டவர். அவர்களின் அனுமதி முறை உங்களுக்குச் செல்லாது. நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்கொங், சோ மொரிரி ஏரிகள் பக்கம் போக வெளிநாட்டவருக்கான தனி அனுமதியை லேயில் பதிவுபெற்ற முகவர் மூலம் எடுக்க வேண்டும். மணாலியில் எடுத்த வாடகை பைக்கை அந்த இடங்களுக்குக் கொண்டுபோக லே வாடகைக்காரர்கள் விடுவதில்லை. அங்கே வேறு பைக் எடுக்க வேண்டும். ஏரிக்கரைகளில் சொந்தக் கூடாரம் அடிக்கலாமா என்று அனுமதி எடுக்கும்போதே கேளுங்கள். இராணுவ முகாம் பக்கம் அடிக்கவே வேண்டாம்.

செய்மதித் தொலைபேசியையோ, செய்தி அனுப்பும் செய்மதிக் கருவியையோ கொண்டுபோகாதீர்கள். மற்ற நாடுகளில் இது பாதுகாப்புக்கான முதல் சாமான். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே கைது செய்வார்கள். டெல்லியில் எடுத்த ப்ரீபெய்ட் சிம்மும் லடாக்கில் வேலை செய்யாது, ஆகவே எங்கே படுக்கப்போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன் வீட்டில் எழுதிக் கொடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் காலி முகத்திடல் பக்கத்து ஒட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம். பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் இரண்டு வரியைத் தேடி வாசியுங்கள்: எத்தனை சிசி வரை, எத்தனை மீட்டர் உயரம் வரை. சோதனைச் சாவடிகளில் கொடுக்கக் கடவுச்சீட்டு, விசா, அனுமதிப் பிரதிகள் ஒரு கட்டு வேண்டும். கொழும்பிலேயே போட்டோகொப்பி எடுத்து, நனையாத உறையில் போட்டு, மேல் பையில் வையுங்கள்.