பிப் படிவத்தில் அன்றாடச் சிரமங்களை எழுதுவது எப்படி?

பிரித்தானியாவில் நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைகள் முடங்கியவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணம் பிப் (PIP, Personal Independence Payment). இதற்கு விண்ணப்பிக்கும் எங்கள் ஆட்களில் பலர் நோயின் பெயரை எழுதுகிறார்கள், மருந்துகளை வரிசையாக எழுதுகிறார்கள். விடிய எழும்பியது முதல் படுக்கப் போகும்வரை என்ன நடக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பணம் கிடைக்குமா என்பதை முடிவுசெய்யும் புள்ளிகள் கிடைப்பதோ அதற்குத்தான். 'முடக்குவாதம்' என்ற பெயருக்கு ஒரு புள்ளியும் இல்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட முடியாமல் இன்னொருவர் போட்டுவிடுகிறார் என்றால் அதற்குப் புள்ளி உண்டு.

படி 1: எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2013இல் தொடங்கிய இந்தக் கொடுப்பனவு 16 வயது முதல் அரச ஓய்வூதிய வயதுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கானது. ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக வேறு பெயரில் ஒன்று உண்டு. வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை; வேலை செய்பவரும் கேட்கலாம். சிரமம் தொடங்கி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும், இன்னும் 9 மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். விசாவில் பொதுநிதி (அரச உதவிப்பணங்கள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கட்டாயம் கேளுங்கள்.

படிவம் அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்களைப் பார்க்கிறது: சமைப்பது, உண்பது, மருந்தையும் சிகிச்சையையும் கவனிப்பது, குளிப்பது, கழிப்பறைத் தேவை, உடுப்பது, பேசிப் புரிந்துகொள்வது, வாசிப்பது, மற்றவர்களோடு பழகுவது, பணம் பற்றி முடிவெடுப்பது. நடமாட்டத்துக்கு வேறாக 2 உண்டு. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதத்தில் பணம் கிடைக்கும், 12 வந்தால் உயர் விகிதத்தில்.

படி 2: வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்

என் அனுபவத்தில் எழுதுவதைவிடக் கடினமான வேலை இதுதான். "அம்மா எல்லாம் தானே செய்வா" என்று மகள் சொல்வாள். அதே மகள்தான் வேலைக்குப் போகுமுன் காய்கறியை வெட்டி வைப்பாள், மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பாள், அம்மா குளித்து முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்பாள். எங்கள் குடும்பங்களில் இதை உதவி என்று யாரும் எண்ணுவதில்லை. படிவத்தின் கணக்கில் இது உதவிதான். உதவ யாருமில்லாமல் தனியே இருப்பவர்களும் எழுதலாம். உதவி கிடைக்கிறதா என்பதைவிட அது தேவையா என்பதே அங்கே கேள்வி.

ஆகவே ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வாருங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, யார் உதவினார்கள், பிறகு உடம்பு எப்படி இருந்தது. குளிக்கும்போது உட்காரப் பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்தால் அதையும் குறியுங்கள். உதவிச் சாதனம் என்ற கணக்கில் வரலாம்.

படி 3: ஒவ்வொரு செயலுக்கும் நான்கு கேள்விகள்

'உங்களால் முடியுமா' என்று படிவம் கேட்டால் உடனே 'ஆம்' போட்டுவிடாதீர்கள். ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறதா? ஏற்கத்தக்க அளவுக்கு ஒழுங்காகச் செய்ய முடிகிறதா? ஒரு நாளில் தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிகிறதா? நியாயமான நேரத்துக்குள் முடிகிறதா? நோயில்லாதவர் அதிகபட்சம் 20 நிமிடத்தில் முடிப்பதற்கு உங்களுக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆனால், நியாயமான நேரத்துக்குள் முடியவில்லை என்றுதான் விதி சொல்கிறது. நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அந்தச் செயலை உங்களால் செய்ய முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

"கை வலியால் சமைப்பது கஷ்டம்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வலது கை விரல்கள் மடங்காது. கத்தி நழுவி, போன மாதம் இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன். தண்ணீர் நிறைந்த சட்டியைத் தூக்க மணிக்கட்டில் பலமில்லை. கஞ்சி வடிக்கும்போது கொட்டி வயிறு வெந்தது. அதன்பின் அடுப்பைத் தனியே தொடுவதில்லை. மகள் வெட்டித் தந்து, சட்டியை இறக்கித் தந்தால்தான் சமைப்பேன். அவள் வேலைக்குப் போகும் 5 நாளும் மதியம் பாணும் வாழைப்பழமும்தான்."

காரணம், ஆபத்து, நடந்த சம்பவம், உதவி, எத்தனை நாள் என்று எல்லாம் இதில் இருக்கிறது. இது மாதிரிக்குத்தான், உங்களுக்கு நடக்காததை எழுதாதீர்கள். இங்கே சமையல் என்றால் ஒருவருக்கு, ஒரு வேளைக்கு, பதப்படுத்தாத புதிய பொருட்களில் சமைக்கும் எளிய சாப்பாடு. விருந்துச் சமையலை நினைத்தும் எழுத வேண்டாம், பாணைச் சுட்டுத் தின்பதை வைத்து 'சமைப்பேன்' என்றும் எழுத வேண்டாம்.

கழிப்பறைப் பகுதியில்தான் பலரின் பேனா நின்றுவிடுகிறது. சிறுநீர் கட்டுப்படாமல் போவது, கழுவிக்கொள்ள இன்னொருவர் தேவைப்படுவது, இதையெல்லாம் எப்படி எழுதுவது என்ற கூச்சம். தயவுசெய்து எழுதுங்கள். முடிவெடுப்பவர் உங்களைத் தெரிந்தவர் அல்ல. எழுதாததை அவர் ஊகிக்கவும் மாட்டார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாதது இங்கே குறைபாடாகக் கணக்கில் வராது. பேசுவதையும் வாசிப்பதையும் உங்கள் தாய்மொழியை வைத்தே பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கவாதத்துக்குப் பின் தமிழில் ஒரு வசனத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறீர்களா, பார்வை குன்றித் தமிழ் எழுத்தை வாசிக்க முடியவில்லையா, அதை எழுதுங்கள்.

படி 5: நல்ல நாள், மோசமான நாள்

வாதம், மனச்சோர்வு போன்றவை ஏறி இறங்கும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதே அளவுகோல். "சில நாள் முடியாது" என்று விடாமல், "வாரத்தில் 4, 5 நாள் ஒருவர் பிடிக்காமல் குளியல் தொட்டிக்குள் இறங்க முடிவதில்லை" என்று எழுதுங்கள். இந்த எண்ணிக்கைக்குக் கொப்பி கைகொடுக்கும்.

படி 6: அனுப்புதல்

படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம்தான். போதாதென்றால் நாள் முடியுமுன் தொலைபேசியில் அவகாசம் கேளுங்கள். மருந்துப் பட்டியல், மருத்துவமனைக் கடிதங்கள் ஆகியவற்றின் நகலை இணையுங்கள்; உங்களைப் பார்த்துக்கொள்பவர் என்ன செய்கிறார் என்று எழுதிய கடிதமும் பெறுமதியானது. இன்னொரு கடிதம் வரட்டும் என்று படிவத்தைப் பிந்தவிடாதீர்கள், அதைப் பிறகும் அனுப்பலாம். முழுப் படிவத்தையும் படமெடுத்து வையுங்கள்.

பிறகு ஒரு மதிப்பீடு இருக்கும், பெரும்பாலும் தொலைபேசியிலோ நேரிலோ. அதற்கு முன் அந்தப் படங்களை ஒருமுறை வாசியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைத்தால் அவர்கள் முன் நீங்களும் மறைப்பீர்கள், அவர்களும் மென்மையாக்கிச் சொல்வார்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி தந்திருக்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கும்; கொப்பியைப் பக்கத்தில் வைத்து, தவறிய புள்ளிகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களில் இதற்கு இலவச உதவி உண்டு.