உப்புத்தண்ணீர் மீன் தொட்டியில் பாசி: நாங்களே செய்துகொள்ளும் பிழைகள்

மட்டக்களப்பில் பாசிக்குடாக் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாசிக்குப் பயமா என்று கேட்காதீர்கள். கடலில் கிடந்தால் அது அழகு, வீட்டு ஹோலில் மூன்றடித் தொட்டிக்குள் கல் முழுக்கப் பச்சை மயிர் மாதிரி முளைத்தால் வயிறு எரியும்.

பெரிய பிழை தண்ணீரில்தான். கச்சான் என்கிற காய்ந்த காற்று வீசுகிற மாதங்களில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கும், அதனால் குறைந்ததை நிரப்பக் கடல் தண்ணீர் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் என்றதும் கிணற்றில் அள்ளி ஊற்றுகிறோம் பாருங்கள், அங்கேதான் பிழைக்கிறது. எங்கள் பக்கம் மணல் தரை, கிணறும் ஆழமில்லை, மலக்குழியும் தூரமில்லை. பாசிக்கு உரமாகிற நைட்ரேட் என்ற உப்பு ஊறி வரத்தான் செய்யும். அதுவும் ஆவியாகாது, வாளிக்கு வாளி சேர்ந்துகொண்டே போகும். நான் ஒரு வருஷம் இப்படிப் பாசிக்கு உரம் போட்டுவிட்டு லைட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆர்ஓ வடிகட்டியில் உப்பு நீக்கிய தண்ணீர் ஊற்றுங்கள், அதையும் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீற்றரில் பார்த்து, பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் மட்டும். ருசிக்காகத் தாது சேர்த்த போத்தல் தண்ணீர் வேண்டாம்.

கல்லடிக் கடற்கரைக்குத் தண்ணீர்க் கான் கொண்டுபோய்க் கடல் தண்ணீர் அள்ளுகிறவர்கள், மாரியில் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவித் தண்ணீர் கடலில் இறங்குகிற நாட்களில் அள்ளாதீர்கள். உப்பும் குறைவு, வயல் உரமும் ஊர்க் கழிவும் கலந்திருக்கும். எப்போது அள்ளினாலும் அடர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.025க்குக் கிட்ட நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் பாசி என்று ஒரே கணக்கில் போடுவது. புதுத் தொட்டியில் முதல் சில வாரம் மண்ணிறத் தூள் படியும், அது டயட்டம் என்ற ஒற்றைக்கல நுண்பாசி, பெரும்பாலும் தானாகவே போய்விடும், பதறி மருந்து ஊற்றாதீர்கள். சிவப்பாகப் பாலாடை மாதிரிப் படர்வது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள். பாசிக்கொல்லி ஊற்றினால் செத்த பாசி அங்கேயே அழுகும், ஒட்சிசன் குறையும், அதிலிருந்து வரும் சத்தைத் தின்று அடுத்த பாசி முளைக்கும்.

"நைட்ரேட் பூச்சியம் காட்டுது, பிறகும் பாசி" என்பார்கள். பாசிதானே அதைத் தின்றுவிட்டது, பரிசோதனையில் எப்படிக் காட்டும்? அதற்காக நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் உண்மையிலேயே துடைத்தெடுக்கவும் போகாதீர்கள், டைனோஃப்ளாஜலேட் என்ற ஒற்றைக்கல உயிர் வந்து குந்தினால் மயிர்ப்பாசியே தேவலை என்றாகிவிடும்.

தீனி குறைவாக, உறைந்த இறாலென்றால் வலையில் போட்டு அலசிவிட்டு. லைட் எட்டு மணித்தியாலம் போதும், ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது.

கையால் பிடுங்குவதென்றால் கல்லை வெளியே தூக்கி, தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்துப் பிடுங்குங்கள். தொட்டிக்குள் பிய்த்தால் துண்டுகள் மிதந்துபோய்ப் பக்கத்துக் கல்லில் ஒட்டும், அடுத்த மாதம் அதையும் பிடுங்க வேண்டி வரும்.