ஆயர் அடித்த வெள்ளிக் காசு: எதைப் பார்த்து வாங்குவது?

இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டிலும் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் யார்க், காண்டர்பரி பேராயர்களும் டர்ஹாம் ஆயரும் வெள்ளிக் காசு அடித்தார்கள். இவற்றைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அழகான ராஜா முகத்தைத் தேடி அலைய வேண்டாம். அடித்தவரின் அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காசில் பொறித்த ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். யார்க்கில் ராஜாவின் அக்கசாலையும் (காசு அடிக்கும் கூடம்) இயங்கியிருக்கிறது. நான்காம் எட்வர்ட் காலத்து யார்க் பென்னி என்றால் பின்பக்கச் சிலுவையின் நடுவில் நாலிதழ்ப் பூ இருக்கிறதா பாருங்கள். அது பேராயரின் அக்கசாலைக்கு உரியது. ராஜாவின் கழுத்தருகே ஒரு ‘ஜி’யும் (G) சாவியும் இருந்தால், அடித்தவர் பேராயர் ஜார்ஜ் நெவில்.

டர்ஹாம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஏழாம், எட்டாம் ஹென்றி காலப் பென்னிகளில் ராஜா சிம்மாசனத்தில் இருப்பார். பின்பக்கக் கேடயத்தின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஆயருக்கு ஏற்ப மாறும். ‘சி, டி’ (C, D) என்றால் ஆயர் கத்பர்ட் டன்ஸ்டல், ‘டி’ டர்ஹாமைக் குறிக்கும். ‘டி, டபிள்யூ’ (T, W) என்றால் ஆயர் தாமஸ் வோல்சி. அவர் கர்தினால், அதாவது போப்புக்கு அடுத்த நிலைத் திருச்சபைத் தலைவர், என்பதால் கீழே கர்தினால் தொப்பியும் இருக்கும். என்னிடம் உள்ள டன்ஸ்டல் பென்னியில் ராஜாவுக்கு முகமே இல்லை, தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆனால் ‘சி’யின் வளைவு பளிச்சென்று நிற்கிறது. எனக்கு அது போதும்.

வோல்சியின் தொப்பி சும்மா இல்லை. யார்க் பேராயராகவும் இருந்த அவர், அங்கே நான்கு பென்னி மதிப்புள்ள க்ரோட் என்ற காசிலும் அதைப் பொறித்தார். 1529இல் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று! அகந்தை என்றால் இப்படியா? அந்த க்ரோட் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் எடை. 0.01 கிராம் காட்டும் தராசும் பத்து மடங்கு லென்ஸும் வேண்டும். 1464க்குப் பிறகு பென்னியின் எடை சுமார் 0.78 கிராம், 1526 முதல் சுமார் 0.69. ஓரம் வெட்டப்பட்ட காசு இதைவிடக் குறையும், அது இயல்புதான். விளிம்பில் இணைப்புக் கோடோ, பரப்பில் பொடிக் குமிழ்களோ தெரிந்தால் அது அடிக்காமல் உருக்கி வார்த்த போலியாக இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மண்ணிலிருந்து எடுத்த காசு என்றால், எங்கே எப்போது கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். கறுத்திருக்கிறதே என்று தேய்க்க வேண்டாம். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, அடித்தவர் பெயரையும் எடையையும் பென்சிலால் உறைமேல் குறித்துவையுங்கள்.