ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் எதை மாட்டுவது?

பாட்டு கேட்கும் ஆடியோ செட்டைக் காக்க, கடையில் போய் பவர் கண்டிஷனர் (கரண்டைச் சரிசெய்து தரும் பெட்டி) என்று கேட்டால் சில நூறு ரூபாய் ஸ்பைக் கார்டையும் காட்டுவார்கள், லட்ச ரூபாய்ப் பெட்டியையும் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு வியாதிக்கான மருந்து. ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சரிக்கட்டும், மின்னலைத் தடுக்காது. ஸ்பைக் கார்ட் சர்ஜை (திடீரென்று பாயும் அதிக வோல்டேஜை) விழுங்கும், வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக் கரண்டுக்கு என்ன வியாதி என்று தெரியாமல் பெட்டி வாங்கினால் காசுதான் போகும். ஆகவே முதல் செலவு ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர்.

செட் மாட்டப்போகும் அதே பிளக் பாயின்டில் அளக்க வேண்டும். மீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காலை, மதியம், இரவு 7 முதல் 10 வரை, நள்ளிரவுக்குப் பிறகு என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நம் சப்ளை 230 வோல்ட், கூடக் குறைய 10 சதவீதம், அதாவது 207 முதல் 253 வரை. பம்ப்செட் ஓடும் கிராமத்து லைனிலும், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டிலும் மாலையில் இறங்கும். நள்ளிரவில் லோடு குறைந்ததும் அதே லைன் 250-ஐத் தாண்டலாம்.

வோல்டேஜ் குறைந்தால் உடனே இபியைத் திட்ட வேண்டாம். கீசரைப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது நான்கைந்து வோல்ட் இறங்கினால் இயல்பு. 12, 15 என்று இறங்கினால் மீட்டர் பெட்டியிலோ டிபி பாக்ஸிலோ (வீட்டுக்குள் கரண்டைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி) எங்கோ ஒரு ஜாயின்ட் லூஸாக இருக்கலாம். அதை ஒரு ஸ்க்ரூடிரைவர் சரிசெய்யும், ஸ்டெபிலைசர் சரிசெய்யாது.

எர்த்தைச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் ஃபேஸ்–நியூட்ரல் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். 80, 120 என்று அலைந்தால் எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது, 5-ஐத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். லோடு போட்டாலும் எடுத்தாலும் அசையாமல் பூஜ்யமே காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கலாம். நியூட்ரல் அறுந்தால் அந்த பாயின்டில் மாட்டிய ஆம்ப்ளிஃபயரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க உலோகத்தைப் புறங்கையால் தடவினால் சுறுசுறுவென்று இழுக்கிறதா? உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேஸுக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேஸ் இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்டில் தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, ஆனால் ஆர்சிஏ கேபிளைச் (ஒலி சிக்னல் கேபிள்) செருகும்போது டிஏசியின் (டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் பெட்டி) அவுட்புட்டைப் பதம் பார்க்கும். இதற்குக் கண்டிஷனர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தேவை ஒரு எர்த் கம்பி.

எர்த் குழியின் மின்தடை 5 ஓமுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போதும். கோடையில் மண் காய்ந்தால் ஏறும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆடியோவுக்கென்று தனிக் கம்பி அடித்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடும் வழக்கம் ஆபத்தானது. பக்கத்தில் இடி விழும் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது உங்கள் செட்டின் வழியாகத்தான் சமன் ஆகும்.

நியூட்ரல் கட், மின்னல்

நம் ஊரில் ஆம்ப்ளிஃபயரைக் கொல்லும் விஷயங்களில் ஒன்று தெருவில் நியூட்ரல் அறுவது. அறுந்ததும் மூன்று ஃபேஸிலும் இருக்கும் வீடுகள் 400 வோல்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்ளும். யார் வீட்டில் லோடு குறைவோ அங்கே 300-க்கு மேல் போகும். இதற்கு வேண்டியது ஓவர்–அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். டிபி பாக்ஸில் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் உட்காரும் சின்னப் பெட்டி. மேல் எல்லை 265, கீழ் எல்லை 175, திரும்பச் சேரும் தாமதம் 60 முதல் 180 விநாடி என்று வையுங்கள். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

அடுத்தது சர்ஜ் அரெஸ்டர், சுருக்கமாக எஸ்பிடி. டிபி பாக்ஸில் டைப் 2 எஸ்பிடி, தாங்கும் தொடர் வோல்டேஜ் 320 என்று போட்டது எடுங்கள். 275 போட்டது நம் லைனுக்கு இறுக்கம். எஸ்பிடிக்குப் போகும் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மின்னல் கரண்ட் பாயும் வேகத்தில் ஒரு மீட்டர் கம்பியிலேயே ஆயிரம் வோல்ட் வரை எழும், நீளம் கூடினால் எஸ்பிடி போட்டும் பலனில்லை. எஸ்பிடியின் முகப்பிலுள்ள சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். செட் பக்கத்தில் வைக்கும் ஸ்பைக் கார்டுக்குள் சர்ஜை விழுங்கும் பாகமான எம்ஓவியும் அடி வாங்க வாங்கத் தேயும் பொருள்தான். தெர்மல் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாதது சாகும்போது பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டுத்தான் போகும். ஐப்பசி இடிக்கு இதெல்லாம் போதுமா என்றால், பிளக்கை உருவி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. டிஷ் கேபிளையும் லேன் கேபிளையும் சேர்த்து உருவுங்கள்.

ஸ்டெபிலைசர் யாருக்கு?

பின்பக்கம் 100–240 என்று எழுதியிருக்கும் கிளாஸ்-டி ஆம்ப், ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்து பாட்டு எடுக்கும் பெட்டி), டிஏசி எதற்கும் வேண்டாம். உள்ளே எஸ்எம்பிஎஸ் (வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஒத்துப்போகும் பவர் சப்ளை) இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிளாஸ்-ஏபி ஆம்ப்ளிஃபயருக்கும், உங்கள் ஒரு வாரக் கணக்கு 210–250-க்குள் இருந்தால் வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயர் மட்டும் கறார். 6.3 வோல்ட் ஹீட்டர் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் பொறுக்காது, வால்வின் ஆயுள் குறையும்.

வேண்டும் என்று முடிவானால் ரிலே வகையை ஃப்ரிட்ஜுக்கு விட்டுவிடுங்கள். அது படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலும் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்கலாம். சர்வோ வகை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நிறுத்தும். மோட்டார் உறுமும், கார்பன் பிரஷ் தேயும், எனவே பக்கத்து அறையில் வைத்து லைன் இழுங்கள். மோட்டார் இல்லாத ஸ்டேட்டிக் வகை வேகமானது. வாங்குமுன் ஃபேன் சத்தத்தைக் காதால் கேட்டுவிடுங்கள்.

அளவு போடும் கணக்கு இப்படி. சேனலுக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 400 வாட் என்று இருக்கிறது, மற்றதெல்லாம் 60 வாட். மொத்தம் 460. இந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்குப் பவர் ஃபேக்டர் சுமார் 0.65 என்றால், 460-ஐ அதால் வகுக்க சுமார் 700 விஏ. அதை இரட்டிப்பாக்கி 1.5 கேவிஏ வாங்குங்கள். ஏன் இரட்டிப்பு? ஆம்ப்ளிஃபயர் சைன் அலையின் உச்சியில் மட்டும் கெப்பாசிட்டரை நிரப்ப வெடுக்கென்று கரண்டை இழுக்கும். சிறிய ஸ்டெபிலைசர் அந்த உச்சியை மழுக்கிவிடும், பேஸ் தளர்ந்து கேட்கும். இன்புட் ரேஞ்ச் நீங்கள் குறித்த மிகக் குறைந்த அளவுக்கு 10 வோல்ட் கீழே தொடங்கட்டும்.

இன்வெர்ட்டர் லைனில் செட்டைப் போடுவதானால் சைன் வேவ் மட்டுமே. நம் 230-இன் உச்சி 325 வோல்ட். ஸ்கொயர் வேவில் உச்சி அதைவிடத் தாழ்ந்திருக்கும், ஆகவே கெப்பாசிட்டர் முழுதாக நிரம்பாது, டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

ஹம் (உறுமல்) கேட்டால்

ஸ்பீக்கரில் கேட்கிறதா, ஆம்ப்ளிஃபயரின் வயிற்றிலிருந்து வருகிறதா என்று முதலில் காது வைத்துப் பாருங்கள். வயிற்றிலிருந்து என்றால் பெரும்பாலும் மெயின்ஸில் கலந்த டிசி. ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் போட்டதும் உறுமல் கூடினால் சந்தேகமே வேண்டாம். டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வோல்டுக்கும் குறைந்த டிசிக்கே உறுமும். அந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் போதும். இதற்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்குவது வீண்.

ஸ்பீக்கரில் என்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் சேர்வதால் உண்டாகும் வளையம். செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றுங்கள். அடங்கினால் அந்தக் கோஆக்ஸியலில் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை ஒடிப்பதோ டூ-பின் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. மின் இரைச்சலை வடிகட்டும் இஎம்ஐ ஃபில்டர் பெட்டிகளை அடுக்கினாலும் தொல்லைதான். ஒவ்வொன்றும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும், சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழவைக்கும். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும்போது எம்சிபி விழுகிறது என்றால் கதை வேறு. டொராய்டு காந்தமேறும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். ஆம்பியரைக் கூட்டாமல் பி-கர்வ் எம்சிபியை, ஆரம்ப இழுப்பைக் கூடுதலாகப் பொறுக்கும் சி-கர்வாக மாற்றச் சொல்லுங்கள்.

செகண்ட்ஹேண்டில் ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 100 வோல்ட் சாமான். கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் 230-க்கு 110. இரவில் லைன் 250 ஆனால் அது கிட்டத்தட்ட 120 வோல்ட் தரும், அதாவது சுமார் 20 சதவீதம் அதிகம். பழைய மெயின் கெப்பாசிட்டர்கள் அதில்தான் வீங்குகின்றன. 230-க்கு 100 என்று சுற்றச் சொல்லி வாங்குங்கள், 250 வந்தாலும் 109-ஐத் தாண்டாது.

எல்லாம் மாட்டியபின் பேஸ் நிறைந்த பாட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் மாட்டிய எக்ஸ்டென்ஷனில் காலியாக இருக்கும் பாயின்டில் மீட்டரை வையுங்கள். அடிக்கு அடி 5 வோல்டுக்கு மேல் ஆடினால் ஸ்டெபிலைசர் சிறியது, அல்லது வழியில் ஏதோ லூஸ். பிளக்கை உருவிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அந்த சாக்கெட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.