உறைபனி நாட்களுக்குப் பருப்பு போட்ட எலும்பு சூப்

ஊட்டியில் டிசம்பர் பிறந்துவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கவே மனசு வராது. விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நாட்கள் அவை. எங்கள் வீட்டில் அப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த சூப் உண்டு. தெளிவாக, மிளகுத் தண்ணீர் போல இருக்கிற ஆட்டுக்கால் சூப் இல்லை இது. பருப்பு கரைந்து, கறி எலும்பை விட்டு நழுவி, ஒரு பெரிய கிண்ணம் குடித்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்குக் கனமானது. நாலு பேருக்கான அளவு சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கறிக்கடையில் என்ன கேட்டு வாங்குகிறீர்கள் என்பதுதான். ஆட்டு நெஞ்சுக்கறி, அதாவது மார்க்கண்டம், அரை கிலோ வாங்குங்கள். கூடவே நல்லி எலும்பு நாலு துண்டு. சூப்புக்கு என்று சொன்னால் பாய் சரியான அளவில் வெட்டித் தருவார். தனித் தொடைக்கறி வேண்டவே வேண்டாம். அதில் சவ்வு குறைவு. நேரம் கூடினால் சக்கையாகிவிடும். மார்க்கண்டத்தில் குருத்தெலும்பும் சவ்வும் கொழுப்பும் கலந்திருக்கும். நிதானமாக வேகும்போது அந்தச் சவ்வுதான் கரைந்து சாறுக்குப் பதம் கொடுக்கிறது. ஒரு கரண்டி குடித்துவிட்டு உதட்டை மூடினால் லேசாக ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் எலும்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

கறியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். எலும்புச் சில்லு இருந்தால் அப்போதே கையில் தட்டுப்படும். குக்கரில் கறியும் எலும்பும் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்க விடுங்கள். சாம்பல் நிறத்தில் நுரை பொங்கி வரும். பொறுமையாகக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். நுரை நின்ற பிறகு தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு எட்டுப் பல், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் கல்லுப்பு சேர்த்து மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் நாற்பது நிமிடம். கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அரை மணி நேரம் போதும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்போ கறியோ வேகவைப்பது பெரும்பாடு. குக்கர் கூடக் கீழே எட்டுகிற சூட்டை இங்கே எட்டுவதில்லை.

பருப்பைத் தனியாக வேகவையுங்கள். கறியோடு சேர்த்துப் போட்டால் அடியில் தங்கிப் பிடிக்கும், நுரைத்து வெயிட் ஓட்டையையும் அடைக்கும். நான் போடுவது மைசூர் பருப்பு, நூறு கிராம். ஊறவைக்க வேண்டியதில்லை, சீக்கிரம் குழைந்துவிடும், கறியின் வாசனையை அமுக்காது. துவரம்பருப்பு போட்டால் நாக்கு சாம்பாரைத் தேட ஆரம்பித்துவிடும். தக்காளியைப் பருப்போடு சேர்த்து வேகவைக்காதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு குழைய அடம்பிடிக்கும். வெந்ததை மத்தால் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறி வேகிற நேரத்தில் மசாலா. மிளகு இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன், சோம்பு அரை ஸ்பூன். வெறும் வாணலியில் சூடு ஏறும்வரை மட்டும் புரட்டி, உரலில் இடியுங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்தால் காரம் முழுவதும் தொண்டையில் போய் நிற்கும். ஒவ்வொரு மிளகும் நாலாக உடைந்தால் போதும். குடிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிபட்டு உறைக்கும். கூடலூர்ப் பக்கத்து மிளகு கிடைத்தால் விடாதீர்கள்.

காய்கறியில் எங்களுக்குக் குறையே இல்லை. இரண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் ஒன்று. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழாக விரித்து அலசுங்கள், உள்ளே மண் ஒளிந்திருக்கும். வெள்ளைப் பகுதியை மெல்லிசாக நறுக்கிக்கொள்ளுங்கள். லீக்ஸ் கிடைக்காத ஊரில் சின்ன வெங்காயம் பதினைந்து உரித்துப் போட்டால் சரி.

அடிகனமான பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் நெய் விட்டு, பட்டை ஒரு துண்டு, கறிவேப்பிலை, லீக்ஸ் போட்டுச் சின்னத் தீயில் வதக்குங்கள். லீக்ஸ் சிவக்கக் கூடாது, துவண்டால் போதும். அப்புறம் பொடியாக நறுக்கிய இரண்டு தக்காளி. அது கரைந்ததும் கேரட், கிழங்கு, இடித்த மசாலாவில் முக்கால் பங்கு, கறி, அதன் சாறு எல்லாவற்றையும் சேருங்கள். காய் வெந்ததும் கடைந்த பருப்பை ஊற்றிப் பத்து நிமிடம் சிம்மில் விடுங்கள். இந்தப் பத்து நிமிடமும் அடுப்பை விட்டு நகராமல், அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறுங்கள். கெட்டி போதவில்லை என்று சோள மாவு கரைத்து ஊற்றுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பருப்பும் எலும்பும் கொடுக்கிற கெட்டியே போதும்.

உப்பு பார்த்து இறக்கி, மீதி மசாலா, கொத்தமல்லி, அரை எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்பு ஏறும். நல்லித் துண்டை ஆளுக்கு ஒன்றாகக் கிண்ணத்தில் வையுங்கள். மஜ்ஜையை உறிஞ்சுவது அவரவர் உரிமை. தொட்டுக்கொள்ள பேக்கரி பன் பொருத்தம். எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை டீக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமானால் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் உறைந்து, மேலே கொழுப்பு ஏடு கட்டியிருக்கும். அதில் பாதியை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்கிக் குடியுங்கள்.