நிலாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச: தினசரி காலண்டரை வைத்து ஒரு செய்முறை

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், ஆனால் வானியல் செய்தியில் 'வாக்ஸிங் கிப்பஸ்' என்று வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கிய சமயத்தில் ஆங்கிலச் செய்திகளை விழுந்து விழுந்து படித்தபோதுதான் இந்தச் சொற்களை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று தோன்றியது. இணையத்தில் கிடைத்த பட்டியல்கள் எல்லாம் எட்டுப் படம், எட்டுப் பெயர் என்று முடிந்துவிட்டன. மனப்பாடம் செய்தால் அடுத்த வாரமே மறந்துபோகிறது. நம்மிடம் ஏற்கெனவே திதிக் கணக்கு இருக்கிறது. அதன்மேல் ஆங்கிலப் பெயரை ஒட்டிவிட்டால் மறக்காது. என் முறை அவ்வளவுதான்.

தேவையானவை: தாள் கிழிக்கிற தினசரி காலண்டர், மொட்டை மாடி, ஒரு நோட்டு.

படி 1: நான்கு சொற்கள்

வளர்பிறை 'வாக்ஸிங்', தேய்பிறை 'வேனிங்'. பாதிக்குக் குறைவாக ஒளி இருந்தால் 'கிரெஸன்ட்', பாதிக்கு மேல் இருந்தால் 'கிப்பஸ்'. முதல் ஜோடியில் ஒன்று, இரண்டாம் ஜோடியில் ஒன்று என்று சேர்த்தால் நான்கு பெயர்கள் வந்துவிடும். அமாவாசை 'நியூ மூன்', பௌர்ணமி 'ஃபுல் மூன்' என்பது எல்லோருக்கும் தெரியும்.

உச்சரிப்பில் 'கிப்பஸ்' மட்டும் கவனம். முதல் எழுத்தைப் பார்த்து 'ஜிப்பஸ்' என்று படிப்பவர்கள் உண்டு. 'கிஃப்ட்', 'கிட்டார்' ஆகியவற்றின் தொடக்கத்தில் வரும் அதே ஒலிதான். சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒலிப்பொத்தானை அழுத்திக் கேளுங்கள். யூடியூப் உச்சரிப்பு வீடியோக்களை நான் நம்புவதில்லை.

படி 2: அரை நிலாவுக்கு ஏன் 'குவார்ட்டர்'?

வானத்தில் தெரிவது பாதி வட்டம், பெயரோ கால். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.5 நாள். அந்தச் சுற்றில் கால் பங்கு முடிந்த இடம் 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர்', முக்கால் முடிந்த இடம் 'லாஸ்ட் குவார்ட்டர்' அல்லது 'தேர்ட் குவார்ட்டர்'. அதாவது பெயர் சுற்றைக் கணக்கிடுகிறது, வடிவத்தை அல்ல. சாதாரணப் பேச்சில் 'ஹாஃப் மூன்' என்று சொன்னால் யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள்.

இப்போது காலண்டரை எடுங்கள். சூரியனிலிருந்து நிலா ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் ஒரு திதி கழிகிறது. ஃபர்ஸ்ட் குவார்ட்டர் என்பது 90 பாகை. எட்டாவது திதியான அஷ்டமி 84-இல் தொடங்கி 96-இல் முடிகிறது. எனவே ஃபர்ஸ்ட் குவார்ட்டர் வளர்பிறை அஷ்டமியின் நட்டநடுவில் வந்து விழும். மற்றதும் இதேபோல்:

- வளர்பிறை பிரதமை முதல் சப்தமி வரை: வாக்ஸிங் கிரெஸன்ட். மூன்றாம் பிறையும் ரம்ஜான் பிறையும் இதில் அடக்கம்.
- வளர்பிறை நவமி முதல் சதுர்த்தசி வரை: வாக்ஸிங் கிப்பஸ்.
- பௌர்ணமிக்கு அடுத்த பிரதமை முதல் சப்தமி வரை: வேனிங் கிப்பஸ். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் ராத்திரி காத்திருந்து பார்ப்பது இந்த நிலாவைத்தான்.
- தேய்பிறை அஷ்டமி, பைரவர் கோயிலில் கூட்டம் அலைமோதும் நாள்: லாஸ்ட் குவார்ட்டர்.
- அதன் பிறகு சதுர்த்தசி வரை: வேனிங் கிரெஸன்ட்.

படி 3: படத்தை நம்பாதீர்கள், நேரத்தைப் பாருங்கள்

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். ஆங்கிலப் புத்தகத்தில் படித்துவிட்டு மாடிக்குப் போகும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

ஆங்கிலப் பாடங்களில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: நிலா ஆங்கில 'டி' எழுத்துபோல இருந்தால் வாக்ஸிங், 'சி' போல இருந்தால் வேனிங். லண்டனிலும் நியூயார்க்கிலும் இது சரியாக வரும். அங்கே நிலா எப்போதும் தெற்கு வானத்தில்தான் போகும். பார்ப்பவர் தெற்கே பார்த்துத்தான் நிற்பார். மேற்கு அவருக்கு வலப்பக்கம். வளர்பிறையில் ஒளி மேற்குப் பக்கம் இருப்பதால் 'டி' கிடைக்கிறது.

தமிழ்நாடு இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 முதல் 13 பாகை வடக்கே. இங்கே நிலா ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே ஏறுகிறது. சில நாட்களில் உச்சியையும் தாண்டி வடக்குப் பக்கமாகப் போகிறது. அப்போது வடக்கே பார்த்து நின்றால் மேற்கு இடப்பக்கம் வந்துவிடும். அதே வளர்பிறை நிலா இப்போது 'சி' எழுத்துபோலத் தெரியும். மேற்கில் மறையும் மெல்லிய பிறைக்கோ 'டி'யும் இல்லை, 'சி'யும் இல்லை. மாசி, பங்குனி மாலைகளில் அது படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். புரட்டாசிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

அதனால் எழுத்தை விடுங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்த நேரத்தில், எந்தத் திசையில் பார்த்தேன்?

சூரியன் மறைந்தவுடன் நிலா ஏற்கெனவே வானத்தில் இருந்தால் வாக்ஸிங். விடியும் நேரத்தில் இன்னும் வானத்தில் இருந்தால் வேனிங். ஃபுல் மூன் சாயங்காலம் கிழக்கே எழுந்து காலையில் மேற்கே மறையும். இரண்டுக்கும் நடுவே நிற்பது அது. ஃபர்ஸ்ட் குவார்ட்டர் நண்பகல் வாக்கில் எழுந்து நள்ளிரவில் மறையும். லாஸ்ட் குவார்ட்டர் நேர்மாறாக, நள்ளிரவில் எழுந்து நண்பகலில் மறையும். தினமும் நிலா சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் நடுவில் இருப்பவற்றை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, காலை எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றும்போது மேற்கே வெளிறிய நிலா தெரிகிறதா? வேனிங். மாலை நான்கு மணிக்குக் கிழக்கே தெரிகிறதா? வாக்ஸிங். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த விதி அப்படியே பொருந்தும். ஆஸ்திரேலியாவில் எழுத்து விதி தலைகீழாகிவிடும்.

படி 4: வாக்கியமாகச் சொல்வது

எழும் நேரம் 'மூன்ரைஸ்', மறையும் நேரம் 'மூன்செட்', நிலவொளி 'மூன்லைட்'. கிரகணம், மாதம், தரை போன்ற விஷயங்களுக்கு முன்னால் 'லூனர்' வரும்: 'லூனர் இக்லிப்ஸ்', 'லூனர் சர்ஃபேஸ்'. நிலவொளியை யாரும் 'லூனர் லைட்' என்று சொல்வதில்லை.

நம் நிலாவுக்கு 'தி' சேர்க்க வேண்டும்: 'தி மூன் இஸ் அவுட்', 'தி மூன் இஸ் லோ இன் தி வெஸ்ட்'. ஃபுல், கிரெஸன்ட் போன்ற வடிவப் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது 'எ' வரும்: 'தேர் இஸ் எ ஃபுல் மூன் டுநைட்'. இறங்கியது, நடந்தது என்றால் 'ஆன் தி மூன்'. 'ஓவர் தி மூன்' என்று யாராவது சொன்னால் வானத்தைப் பார்க்க வேண்டாம், அவர் மிகுந்த சந்தோஷத்தில் இருக்கிறார்.

நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள். 'எ தின் வாக்ஸிங் கிரெஸன்ட், லோ இன் தி வெஸ்ட், ஆஃப்டர் சன்செட்' என்பது போல வடிவம், திசை, நேரம் மூன்றும் இருந்தால் போதும்.

படி 5: நிலாவின் முகம்

பள்ளம் 'க்ரேட்டர்'. கறுப்புத் திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். ஒன்றானால் 'மாரே', பலவானால் 'மாரியா'. லத்தீனில் கடல் என்று பொருள், தண்ணீர் கிடையாது. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ-11 இறங்கிய 'சீ ஆஃப் ட்ராங்குவிலிட்டி' அவற்றில் ஒன்று. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டுக்கு 'டெர்மினேட்டர்' என்று பெயர். அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிழல் நீளமாக விழுந்து பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். பௌர்ணமியன்று நிழலே இருக்காது, பள்ளம் பார்க்க அது மோசமான நாள்.

மெல்லிய பிறையின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரியுமே, அது 'எர்த்ஷைன்'. பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் நிலாவில் விழுவதால் வருவது. 500 ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டாவின்சி இதற்கு விளக்கம் எழுதிவைத்தார். ஆங்கில நிலாச் சொற்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இதற்கெல்லாம் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். பொம்மைக் கடை தொலைநோக்கி வாங்காதீர்கள். அதன் முக்காலி ஆடுகிற ஆட்டத்தில் நிலா கண்ணில் நிற்காது. செயலி வேண்டும் என்றால் ஸ்டெல்லேரியம். கணினிக்கு இலவசம். உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தபிறகு பாருங்கள்.

படி 6: செய்தியில் வரும் பெயர்கள்

'ப்ளட் மூன்' முழுச் சந்திர கிரகணத்தின் சிவந்த நிலா. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியாவில் தெரிந்ததே, அது. 'சூப்பர்மூன்' பூமிக்கு நெருங்கிய நேரத்தில் வரும் பௌர்ணமி. 1979-இல் ரிச்சர்ட் நோல் என்ற சோதிடர் உருவாக்கிய சொல் என்பதால் வானியலாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். 'ப்ளூ மூன்' நீலம் அல்ல. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமி, 2023 ஆகஸ்டில் வந்ததுபோல. எப்போதாவது நடப்பதை 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள்.

பின்சேர்க்கை 1: காலண்டரில் ஒரு நாள், செயலியில் வேறு நாள் ஃபுல் மூன் காட்டுகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆங்கிலக் கணக்கில் ஃபுல் மூன் ஒரு கணம், சூரியனிலிருந்து நிலா சரியாக 180 பாகையில் நிற்கும் கணம். நமக்குப் பௌர்ணமி ஒரு திதி, 168-இலிருந்து 180 வரை. எனவே செயலியின் ஃபுல் மூன் நேரமும் பௌர்ணமித் திதி முடியும் நேரமும் ஒன்று. திருவண்ணாமலை கிரிவல நேரம் செய்தித்தாளில் வரும்போது 'இத்தனை மணி வரை' என்று இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகும். வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் சில மணி நேரம் தள்ளி இருக்கலாம். செயலி உலகப் பொது நேரத்தைக் காட்டினால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை 2: சந்திரயான்-3 'டார்க் சைட்'டில் இறங்கியதா என்று ஒரு கேள்வி. இல்லை. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் அந்த முகம் 'நியர் சைட்', மறுமுகம் 'ஃபார் சைட்'. மறுமுகத்திலும் வெயில் அடிக்கும், ஆகவே 'டார்க்' என்பது பேச்சு வழக்குதான். அதை முதலில் படம் எடுத்தது 1959-இல் சோவியத்தின் லூனா-3; முதலில் இறங்கியது 2019-இல் சீனாவின் சாங்'இ-4. சந்திரயான்-3-இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியது நியர் சைடில், சுமார் 69 பாகை தெற்கே. ஆங்கிலத்தில் 'நியர் தி சவுத் போல்' என்று எழுதலாம். துருவத்திலேயே இறங்கவில்லை என்பதால் 'அட்' போடாதீர்கள்.